கிராணியின் மைனரும் குத்தகையாளரின் ஹைலக்ஸும்

மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது 1948 ஜூனில். அதே ஆண்டு அக்டோபரில், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் என்ற சின்னக் காடி முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் நெகிரி செம்பிலான் தோட்டத்து மனிதர்களின் நினைவில் இரண்டும் ஒரே காலத்துக்குரியவை. வெள்ளைக்காரத் துரைமார் இரும்புத் தகடு அடித்த பெரிய வண்டிகளில் துப்பாக்கியோடு தோட்டத்தைச் சுற்றி வந்த காலம் அது. அவசரகாலம் ஓய்ந்து செம்மண் சாலையில் பயமில்லாமல் போய்வர முடிந்தபோது, ஆபீசில் கிராணிகளாக, அதாவது எழுத்தர்களாக, வேலை பார்த்த நம்மவர்கள் சிலர் சேமிப்பைத் திரட்டி ஒரு மைனரை வாங்கினார்கள்.

நான் ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பள்ளியை முடித்த கையோடு சிரம்பானில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பேனர் எண்களை மனப்பாடம் செய்து, மெக்கானிக் ஆனேன். இன்று என் சொந்தப் பட்டறையில் 1959ஆம் ஆண்டு மைனர் ஒன்று நிற்கிறது. ஓய்வுபெற்ற பெரிய கிராணி ஒருவர் கடைசிவரை ஓட்டிய வண்டி. அவருக்குப் பிறகு பிள்ளைகள் என்னிடம் கொடுத்தார்கள். என் அக்கா மகன் செம்பனைக் குத்தகை எடுத்துச் செய்கிறான். அவனுடைய டொயோட்டா ஹைலக்ஸ் சர்வீசுக்கு வரும்போதெல்லாம் மைனருக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதுல எதுண்ணே நல்ல வண்டி?"

நான் திருப்பிக் கேட்பேன்: "எதை ஏற்றப் போறீங்க?" இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியின் விரிவுதான்.

டேப்பை எடுத்து அளந்தால்

முதலில் உருவம். மைனரின் நீளம் 3.76 மீட்டர், அகலம் 1.55 மீட்டர். நான்கு கதவு ஹைலக்ஸின் நீளம் ஏறக்குறைய 5.33 மீட்டர், அகலம் 1.85 மீட்டருக்குச் சற்று மேல். நீளத்தில் ஐந்தடியும் அகலத்தில் ஓரடியும் வித்தியாசம். பழைய கிராணி வீடுகளின் பக்கவாட்டில் தகரக் கொட்டகை இருக்கும். மைனர் அதற்குள் அடங்கிப்போகும். ஹைலக்ஸை விட்டால் பின்பெட்டி முழுக்க மழையில் நிற்கும்.

எடை: மைனர் சுமார் 750 கிலோ. ஹைலக்ஸ் ஏறக்குறைய இரண்டு டன்.

எஞ்சின்: மைனரில் 948 சிசி பெட்ரோல், 37 குதிரைத்திறன். ஹைலக்ஸில் 2.4 லிட்டர் டீசல், 150 குதிரைத்திறன். அதைவிடப் பெரிய வித்தியாசம் இழுவிசையில். மைனருக்கு 68 நியூட்டன் மீட்டர், ஹைலக்ஸுக்கு 400. அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. மைனர் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் கையைக் காட்டிப் போகச் சொல்வதுதான் மரியாதை.

திரும்புவதில் மட்டும் சின்னவன் ஜெயிப்பான். மைனர் வட்டமடிக்கப் பத்து மீட்டர் போதும். ஹைலக்ஸுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டும். லயத்துக் கோடியில், சாமிமேட்டை ஒட்டிய சந்தில் வண்டியைத் திருப்பியவர்களுக்கு இந்த இரண்டு மீட்டரின் அருமை தெரியும்.

வித்தியாசத்தைச் சொன்ன வேகத்தில் ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்குகள் அல்லாதவர்கள் அதைக் கவனிப்பதில்லை. இரண்டிலும் எஞ்சின் முன்னால் இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் இரண்டையும் தள்ளுவது பின்சக்கரங்கள். இரண்டின் பின்பக்கத்தையும் தாங்குவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அதே பழைய ஸ்பிரிங் பட்டைகள். ஸ்டியரிங் இரண்டிலுமே பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட அமைப்பு. அந்த ஸ்டியரிங்கை ஒரு மலிவான குடும்ப வண்டியில் 1948இலேயே வைத்ததால்தான் மைனர் ஓட்டுவதற்கு அவ்வளவு சொன்னபடி கேட்டது.

இரண்டாக அறுத்து அகலமாக்கிய காடி

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரைப் படைத்தவரும் அவரே. மைனரின் மாதிரி வண்டி தயாரானதும் அது உடம்புக்கு ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளியில் கண்ணுக்குப் பிடித்தது. அப்படியே அகலப்படுத்திவிட்டார்கள். ஆனால் பம்பர்கள் அதற்குள் பழைய அளவில் தயாராகிவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டு வைத்தார்கள். பழைய மைனரின் முன்மூடியில் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான்.

இன்னொரு விஷயம் என் போன்றவர்களுக்கு நேரடியாக லாபம் கொடுத்தது. இசிகோனிஸ் மனத்தில் இருந்தது, சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்துக் கிடக்கும் அகலமான எஞ்சின். அதற்கேற்ப முன்னறையைப் பெரிதாகக் கட்டினார். கடைசியில் அந்த எஞ்சின் வரவில்லை. 918 சிசி பழைய எஞ்சினை வைத்தார்கள். 1952 முதல் 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1,098 சிசி என்று பின்னர் மாறியது. எல்லாமே நெட்டையாக, ஒல்லியாக நிற்கும் எஞ்சின்கள். ஆகவே இருபக்கமும் தாராளமாக இடம். கை மட்டுமல்ல, தோள்வரை உள்ளே போகும்.

இங்கிலாந்தில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் காடி மைனர்தான். 1960 கடைசியில் அந்தக் கணக்கு நிறைந்தபோது, இளம் ஊதா நிறத்தில் 350 சிறப்பு வண்டிகளை விட்டுக் கொண்டாடினார்கள். 1971வரை மொத்தம் 16 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு செய்தி: 1957 முதல் 2014வரை ஓடிய உங்கள் அம்பாசடர், இதே மோரிஸ் குடும்பத்து ஆக்ஸ்போர்டின் வாரிசு. இலங்கையிலோ மைனர் மேல் இருந்த பிரியம் தொழிலாகவே மாறியது. 1990களில் இங்கிலாந்து மைனர்களுக்கான தகடுகளையும் பாகங்களையும் அங்கே தயாரித்து அனுப்பினார்கள்.

மைனரிலேயே ஒரு பிக்கப் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1953இல் கால் டன் சுமைக்கென்று பின்பெட்டி வைத்த மைனரை விட்டார்கள். அன்று ஒரு சின்ன வியாபாரிக்கு 250 கிலோ போதுமாக இருந்தது. 1968இல் ஜப்பானில் முதல் ஹைலக்ஸ் பிறந்தபோது, 1.5 லிட்டர் எஞ்சினோடு ஒரு டன் சுமப்பதாக வந்தது. மைனர் விடைபெற இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. ஆக, இவை இரண்டும் ஒரே சாலையில் சிறிது காலம் எதிரெதிரே ஓடியவைதாம்.

தோளில் வந்த பாலும் தோளில் வராத குலையும்

ஒரு வண்டி ஏன் ஒரு ஊருக்கு வருகிறது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் அந்த ஊரின் விளைச்சலில் இருக்கும்.

ரப்பர் காலத்தில் தோட்டத்து ஆள் காடியைத் தேடவில்லை, தேடவும் வழியில்லை. இருட்டில் பெரட்டு, பிறகு நிரை, மரத்துக்கு மரம் மங்கில் வடியும் பால், வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. அங்கிருந்து அதைக் கொண்டுபோவது கம்பெனி லோரி. பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, டிரசர் இருக்கும் ஆஸ்பத்திரி, கோயில், மளிகைக்கடை, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. வாழ்க்கை முழுவதும் நடக்கும் தூரத்தில் இருந்தபோது, மைனர் கிராணிக்கு மட்டும் தேவையாயிற்று. மாதக் கடைசியில் சிரம்பானுக்கு, விடுமுறையில் பிள்ளைகளோடு போர்ட் டிக்சன் கடற்கரைக்கு, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு. அவர் வண்டியில் ஏறியவை மனிதர்களும், இலைக்கட்டும், இரண்டு பிரம்புக் கூடைகளும்தாம்.

ஆனாலும் அந்தக் காடி லயத்துக்கும் பயன்பட்டதை மறைக்கக் கூடாது. நடுராத்திரியில் பிரசவ வலி என்றால் எங்கள் ஆட்கள் ஓடியது கிராணி வீட்டு வாசலுக்குத்தான். "ஐயா, புள்ளைக்கு முடியல" என்று ஒரு குரல் போதும். பனியனோடு சாவியை எடுத்துக்கொண்டு வருவார். மறுநாள் காலை ஆபீசில் அதே மனிதர் முறைப்பாகப் பெயர் கூப்பிட்டு அரைநாள் சம்பளத்தைக் கழிப்பார். தோட்டம் என்றால் இரண்டும்தான்.

பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ரப்பரையும் வண்டியையும் இணைத்த பழைய கயிறு நெகிரி செம்பிலானில் கண்ணெதிரே தெரியும். பகாவ் பக்கத்தில் கெடஸ் தோட்டம் இருக்கிறது. அது டயர் செய்யும் டன்லப் கம்பெனியின் தோட்டமாக இருந்தது; பெயர், அந்தக் கம்பெனியின் தலைவர் சர் எரிக் கெடஸ் உடையது. நம் ஆட்கள் வடித்த பால் கப்பலேறி டயராகி, அந்த டயர் மாட்டிய காடி திரும்ப நம் ஊருக்கே வந்தது. வெட்டியவனுக்கு அதில் ஏற இடம் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை.

செம்பனை வந்ததும் சுமையின் கணக்கே மாறிவிட்டது. நன்றாக விளைந்த ஒரு குலை இருபது கிலோவைத் தாண்டும். அதைக் காண்டாவில் மாட்ட முடியாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் போய்விடும். ஒரு மூட்டை உரம் 50 கிலோ. பெரிய தோட்டங்களில் இந்த வேலைக்கு டிராக்டரும் லோரியும் உண்டு. சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்பவரும், வெட்டுக் குத்தகை எடுத்தவரும் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகவே செய்ததுபோல வந்தது போர்வீல் பிக்கப். ஐம்பது குலை போட்டால் ஒரு டன். மழையில் ஊறிய செம்மண் மேட்டில், அதை ஏற்றிக்கொண்டு நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்து மேலே வருவதைப் பார்க்க வேண்டும். மைனரை அங்கே விட்டால் பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இந்த இடத்தில் பேச்சுக்கே வேலையில்லை, பெரியவன்தான்.

அக்கா மகன் சொல்வான்: "மாமா, தாத்தா தூக்கின வாளிக்கும் நான் ஏத்துற குலைக்கும் நடுவுல இந்த வண்டி இல்லேன்னா என் இடுப்பு போயிருக்கும்." சரியாகத்தான் சொல்கிறான்.

மூடியைத் திறந்தால்

மைனரில் சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எஸ்.யு. மின்சாரப் பம்ப் பெட்ரோலைக் கார்பரேட்டருக்குத் தள்ளுகிறது என்று அர்த்தம். நிறைந்ததும் சத்தம் நிற்கும். சத்தமே வராவிட்டால் பம்ப்பின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் பின்பக்கத்தால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். பேட்டரி செத்துவிட்டால் பம்பரில் இருக்கும் துளைவழியாக இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றலாம். பிளக், பாயிண்ட், கார்பரேட்டர் என்று மூன்று இடத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி நோய் தீர்ந்தது. அந்தக் காலக் கிராணிமார் பலர் ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கழற்றிவிட்டுத் தாங்களே செய்தார்கள்.

சுலபம் என்றதும் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு மரைபோட்டுத் திரும்புவது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அங்கே கிரீஸ் அடித்தாக வேண்டும். நம் செம்மண் தூசியும் மழைநீரும் சேர்ந்து அந்த மரையை அரம்போல அராவிவிடும். தேய்ந்துபோனால் ஒருநாள் திரும்பும்போது மூட்டு கழன்று, சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி முட்டிபோட்டு நிற்கும். பிரேக் எண்ணெய் ஊற்றும் குடுவை எங்கே தெரியுமா? ஓட்டுநரின் காலுக்கடியில், விரிப்பைத் தூக்கித் தரைப்பலகை மூடியைத் திறந்தால்தான் தெரியும். கண்ணில் படாததால் பலர் ஊற்றுவதே இல்லை. பழைய மைனர் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காமல் முதலில் அந்த இடத்தையும் சுற்றியுள்ள இரும்பின் துருவையும் பார்க்க வேண்டும்.

ஹைலக்ஸின் கதை வேறு. மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் உறையும் குழாய்களும்தான் தெரியும். உள்ளே டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் அழுத்தம் 2,000 பாருக்கு மேல். உங்கள் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அந்த அழுத்தத்தில் ஓடும் துளைகள் மிக நுண்ணியவை; ஒரு துளி தண்ணீரோ ஒரு துகள் அழுக்கோ போனால் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். கோளாறு வந்தால் விளக்கு எரியும். எதற்காக எரிகிறது என்று அறியக் கம்ப்யூட்டர் கருவியைச் செருகிக் குறியீட்டைப் படிக்க வேண்டும். தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, காது வைத்துக் கேட்டுக் கண்டுபிடிக்கும் என் தவுக்கேயின் வித்தை இங்கே பாதிதான் செல்லும்.

ஆனால் ஒன்று. மைனரை வாரம்தோறும் விசாரிக்க வேண்டும். ஹைலக்ஸோ, சொன்ன கிலோமீட்டருக்கு எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினால் மற்ற நாளில் உங்களைத் தொந்தரவு செய்யாது. குத்தகை வேலை செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கடியில் படுத்துக் கிடக்க நேரமில்லை. எளிதில் பழுதுபார்க்கலாம் என்பது ஒரு குணம். அடிக்கடி பழுதாகாது என்பது வேறொரு குணம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் "அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா" என்கிறார்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 முதல் நம் நாட்டில் ஊற்றும் சாலை டீசலில் பத்து விழுக்காடு செம்பனையிலிருந்து வருவது. 80 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 8 லிட்டர் நம் குலையின் பங்கு. அது ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. வண்டி நாள்கணக்கில் நின்றால் தொட்டியில் தண்ணீர் சேரும். ஃபில்டரில் இருக்கும் தண்ணீரை ஒழுங்காக வடித்துவிடுங்கள். சேமிப்பு என்றால் இதுதான்.

புக்கிட் புத்துஸ் இறக்கம்

சிரம்பானிலிருந்து கோலாப்பிலா போகும் பழைய புக்கிட் புத்துஸ் சாலையில் ஓட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாம்புபோல் வளைந்து வளைந்து ஏறி, அப்படியே இறங்கும். மைனரில் ஓடும்போது முதல் கியருக்கு மாற்றினால் கடகடக்கும். நின்றுதான் போட வேண்டும், அல்லது இரண்டுமுறை கிளட்ச் மிதிக்கும் வித்தை தெரிய வேண்டும். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே எஞ்சினை உறும விட்டு வர வேண்டும். நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். பெல்ட் கிடையாது, காற்றுப்பை கிடையாது, முன்னால் இருப்பது இரும்பு டேஷ்போர்டு. அந்த வண்டிகளில் எத்தனையோ பேர் பத்திரமாகப் போய் வந்தது, சாலையில் வண்டிகள் குறைவு, வேகமும் குறைவு என்பதால்.

ஹைலக்ஸ் 2015இல் ஆஸ்திரேலிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக், சறுக்கலைத் தடுக்கும் மின்னணு, காற்றுப்பைகள் எல்லாம் உண்டு. உள்ளே இருப்பவருக்கு அது கோட்டை. வெளியே இருப்பவருக்கு? உயர்ந்த முன்மூடிக்கு நேர் கீழே நிற்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. லயத்து முற்றத்தில், பள்ளி வாசலில், கோயில் திருவிழாக் கூட்டத்தில் இது விளையாட்டல்ல. கிளம்புமுன் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இன்னொன்று: பின்பெட்டி குலைக்கும் உரத்துக்கும் உரியது. வேலையாட்களை அதில் அடைத்துக்கொண்டு பறப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்தக் காரியத்தை நாமே செய்யலாமா?

கைச்செலவு, கடன் செலவு

இப்போது பணம். தீபகற்ப மலேசியாவில் ஆயிரம் சிசிக்கு உட்பட்ட தனியார் காடிக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்). என் மைனருக்கு அவ்வளவுதான். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் கொடுக்கும். சுமையில்லாத ஹைலக்ஸும் அதைவிடச் சற்றே குறைவாகத்தான் கொடுக்கிறது என்பது வியப்பாக இருக்கும். இரண்டே முக்கால் மடங்கு எடையை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடுவது, அறுபது ஆண்டு எஞ்சின் வளர்ச்சிக்குச் சான்று.

ஆனால் 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் நின்று, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. தொட்டியை நிரப்ப 172 வெள்ளி கொடுத்தவர் 268 கொடுத்தார். தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் அரசாங்கம் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தது. நம்மில் பலர் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. தகுதி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

பெரிய செலவு எண்ணெய் அல்ல, கடன். ஹைலக்ஸ் விலை ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டும். ஒரு லட்சம் கடன், ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு நேர்வட்டி, ஒன்பது ஆண்டு என்று வைத்துக்கொண்டால், கட்டுவது மொத்தம் 1,31,500 வெள்ளி, மாதம் 1,218. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700. வாரம் முழுக்கக் குலை ஏற்றும் அக்கா மகனுக்கு வண்டியே அந்தத் தவணையைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. அதே வண்டியை, சிரம்பான் தொழிற்பேட்டைக்கு ஒற்றை ஆளாகப் போய்வர வாங்கியிருக்கும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். கருப்புக் கண்ணாடி, பெரிய டயர், மேலே வரிசை விளக்கு. பின்பெட்டியில் ஒரு கீறல் இல்லை. மூன்றாம் ஆண்டில் தவணை தவறும், சர்வீஸ் தள்ளிப்போகும், கடைசியில் வங்கி வண்டியை இழுத்துக்கொண்டு போகும்.

இளைஞர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் கிராணி மைனர் வாங்கியதிலும் பாதி காரணம் கௌரவம்தான். சனிக்கிழமை பாலீஷ் போட்டு வாசலில் நிறுத்தி, லயமே பார்க்கட்டும் என்று விட்டார். இன்று அந்த லயத்துப் பேரன், கிராணியின் வண்டியைவிட இருமடங்கு பெரிய வண்டியை வாசலில் நிறுத்துகிறான். அதில் ஒரு நியாயமான பெருமை இருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் கிராணி வாங்கியது தன் தேவைக்குப் போதுமான மிகச் சின்ன வண்டி. நாம் வாங்குவது, தேவைக்கு மேல் மிகப் பெரிய வண்டி. வேறுபாடு அங்கே.

யாருக்கு எது?

பழைய மைனர் வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓடாவிட்டாலும் கதவு, மூடி, கண்ணாடி, கியர்பெட்டி எல்லாவற்றுக்கும் தேடுவோர் இருக்கிறார்கள். வாங்க விரும்புகிறவர்கள், கிரீஸ் அடிக்கவும் பிளக் கழற்றவும் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ரந்தாவிலிருந்து லிங்கி வழியாகக் கடற்கரைக்கு ஓட்ட அது அருமையான காடி. தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டி வேலைக்குப் போக அது வேண்டாம். வலுவான பிரேக்கும் பெல்ட்டும் இல்லாத வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு லோரிகளோடு போட்டிபோட முடியாது.

மாதத்தில் பாதி நாளாவது சுமை ஏற்றுகிறவர், சேற்றில் இறங்குகிறவர், குத்தகை எடுக்கிறவர் தயங்காமல் பிக்கப் வாங்கலாம். உழைப்புக்கு அதைவிட நம்பகமான கூட்டாளி இன்று இல்லை. மற்றவர்களுக்கு நம் நாட்டிலேயே செய்யும் ஒரு சின்னக் காடி போதும். மைனர் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை இன்று அவைதாம் செய்கின்றன: சாதாரணக் குடும்பத்தைச் சாதாரண வருமானத்தில் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது.

கடன் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். போன மாதக் காலண்டரை எடுத்து, உண்மையிலேயே சுமை ஏற்ற வேண்டியிருந்த நாள்களுக்கு மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகளை எண்ணிவிட்டுக் கடைக்குப் போங்கள்.